ஏறும் ஏரியின் கரையில் மூன்று இரவுகள்

அணையின் நீர்மட்டத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தவள் நான். சேலத்தில் எங்கள் வீட்டு வானொலியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று வரிசையாகச் சொல்லும்போது அப்பா கையை உயர்த்திவிட்டால் மற்றவர் பேச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குக் குடிவந்த பிறகு அந்தப் பழக்கம் மறைந்திருந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதக் கடைசி வாரத்தில் பவல் ஏரிக்குப் போனபோதுதான் அது எவ்வளவு பயனுள்ள பழக்கம் என்பதை உணர்ந்தேன். பாலைவனத்தின் நடுவிலுள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் கூடாரமடித்துத் தங்கவும் படகு ஓட்டவும் போகிறவர்கள், புறப்படுவதற்கு முன் நீர்மட்டத்தையும் காற்றின் வேகத்தையும் பார்த்துவிட வேண்டும். எங்கே தங்குவது, எப்போது துடுப்புப் போடுவது, படகை எங்கே இறக்குவது என்பதையெல்லாம் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. நாங்கள் நீர்மட்டத்தைப் பார்த்தோம். ஆனால் அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

பவல் ஏரி அரிசோனாவிலும் யூட்டாவிலும் பரவிக் கிடக்கிறது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 710 அடி உயரத்துக்குக் கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையில் 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அது முதன்முறையாக நிரம்பப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் முழுக் கொள்ளளவைத் தொட்டது. முழு நீர்மட்டம் 3700 அடி என்று படித்ததும் நம் ஊர்க்காரர்கள் திகைத்துப்போவார்கள். மேட்டூரின் 120 அடி என்பது அணையில் நிற்கும் தண்ணீரின் உயரம். இங்கே சொல்லப்படும் 3700 அடி, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் தினசரி அறிவிப்பு விளங்கும்.

2023 பிப்ரவரியில் அந்த எண் ஏறத்தாழ 3520 அடிக்கு இறங்கிவிட்டது. ஏரி முதன்முறை நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பின் அவ்வளவு தாழ்ந்த மட்டத்தை யாரும் பார்த்ததில்லை. கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ராக்கி மலைத்தொடரில் பனி மிகுதியாகப் பொழிந்தது. அந்தப் பனி உருகி ஆற்றில் இறங்கியதும் ஏரி ஏறத் தொடங்கி, ஜூலை முதல் வாரத்திற்குள் 3580 அடியைத் தாண்டியது. நாங்கள் போன மே மாத இறுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அடி ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அடிதானே என்று நானும் என் கணவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் வசிப்பது பீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில். அங்கிருந்து வடக்கே பிளாக்ஸ்டாஃப் வழியாக ஏறி, 89ஆம் எண் நெடுஞ்சாலையில் நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலத்தைக் கடந்து பேஜ் என்னும் ஊரை அடைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பேஜ் பழைய ஊர் அன்று. அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. பனிக்கட்டி, குடிநீர், எரிபொருள் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாளைக்கான கையிருப்பும் வைத்திருந்தோம். வறண்ட காற்றில் வியர்வை தோன்றுவதற்கு முன்பே உலர்ந்துவிடுவதால் தாகத்தின் அளவு புரிவதில்லை. குழந்தைகளுக்கு மணிக்கொருமுறை கேட்காமலே தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும்.

பேஜிலிருந்து சில நிமிடப் பயணத்தில், யூட்டா எல்லையைத் தாண்டியவுடன் இருப்பது லோன் ராக் கடற்கரை. கடற்கரை என்று சொன்னாலும் அது வாவீப் விரிகுடாவின் மணற்கரை; எதிரே ஒற்றைப் பாறை ஒன்று கோட்டை கொத்தளம் போல நிமிர்ந்து நிற்கிறது. ஓராண்டுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களில் அந்தப் பாறை வறண்ட தரையின் நடுவில் நின்றதைப் பார்த்திருந்தோம். இங்கே எண்ணிட்ட இடங்களும் மேசைகளும் நிழற்கூரைகளும் கிடையாது. கட்டணத்தைக் கட்டிவிட்டு, மணலில் எங்கே வண்டி போகுமோ அங்கே போய் நிறுத்தித் தங்கிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம்தான் இந்த இடத்தின் கவர்ச்சி. எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லாததால் முடிவின் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது.

முதல் பாடத்தை மணல் சொல்லிக்கொடுத்தது. மேலே இறுகிய தரைபோலத் தெரிந்த இடத்தைத் தாண்டிக் கரையை நோக்கி இறங்கியபோது, எங்களோடு வந்த நண்பர் குடும்பத்தின் மினிவேன் அச்சுவரை புதைந்தது. விசையை அழுத்த அழுத்தச் சக்கரம் தன் குழியைத் தானே ஆழமாகத் தோண்டிக்கொண்டது. பக்கத்தில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் மண்வெட்டியோடு வந்து, முதலில் விசையிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். பிறகு நான்கு டயர்களிலும் காற்றைப் பாதியளவு இறக்கச் சொன்னார். காற்று இறங்கினால் டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் பதியும், புதையாது. சக்கரங்களுக்கு முன்னிருந்த மணலை வாரிவிட்டு, கால்மிதிகளை அடியில் கொடுத்து மெல்ல நகர்த்தியபோது வண்டி அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. மண்வெட்டி, டயர் அழுத்தமானி, வண்டியின் மின்சாரத்தில் இயங்கும் சிறிய காற்றடிப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த மணலில் இறங்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை மேட்டிலேயே இறுகிய தரையில் விட்டுவிட்டுச் சாமான்களைச் சுமந்து போவதே அறிவுடைமை.

மாலை ஆறு மணிக்குக் கூடாரம் அடித்தோம். குழந்தைகள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், நீர்விளிம்பிலிருந்து சுமார் முப்பது அடி தள்ளி இடத்தைத் தேர்ந்தோம். முதியவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சற்று நேரத்தில் ஒரு குச்சியோடு திரும்பி வந்து, அதை நீர்விளிம்பில் சரியாக ஊன்றிவிட்டு, படுக்கப் போகும்முன் அதை ஒருமுறை பார்க்கும்படி சொன்னார். இரவு பத்து மணிக்கு விளக்கோடு போய்ப் பார்த்தபோது குச்சி தண்ணீருக்குள் நின்றது. விளிம்பு அதைத் தாண்டி ஏழெட்டு அடி இந்தப் பக்கம் வந்திருந்தது. குனிந்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை இல்லை. காய்ந்து வெடித்திருந்த வண்டல் தரையின் கீறல்களில் தண்ணீர் புகும்போது, உள்ளிருந்த காற்று சின்னச் சின்னக் குமிழ்களாக வெளியேறி, தோசைக்கல்லில் நீர் தெளித்ததுபோல மெல்லிய ஓசை எழுப்பியது. அந்தக் கீறல்களிலிருந்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேட்டை நோக்கி நடந்தன. கருவண்டு ஒன்று குச்சியின் உச்சிவரை ஏறி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. அதை ஓர் இலையில் ஏந்தி மேட்டில் விட்டேன். அப்போதுகூடக் கூடாரத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கணக்கு எளிமையானது. கரையின் சரிவு மிகக் குறைவு. நாற்பது அடி நடந்தால் ஓர் அடிதான் உயரும். ஆகவே நீர்மட்டம் ஓர் அடி ஏறினால் விளிம்பு நாற்பது அடி உள்ளே வந்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்தில் அரை அடி என்றால் இருபது அடி. மறுநாள் காலை என் ஒன்பது வயது மகன்தான் முதலில் எழுந்தான். "அம்மா, தண்ணி நம்ம வாசலுக்கே வந்துருச்சு!" என்று அவன் கத்தியபோது கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் பத்தடிகூட இல்லை. விளிம்பில் விட்டிருந்த நாற்காலிகள் தண்ணீரில் நின்றன. இரண்டு செருப்புகளைக் காணவில்லை. கட்டாமல் விட்ட கயாக் என்னும் காற்றடைத்த சிறு துடுப்புப்படகு மிதந்துபோய் நூறு அடிக்கு அப்பால் மூழ்கிய புதர் ஒன்றில் சிக்கிக்கொண்டிருந்தது. காற்று மட்டும் அன்றிரவு வீசியிருந்தால் அது விரிகுடாவின் மறுகரைக்கே போயிருக்கும்.

அதற்குப் பின் நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டம் ஏறும் பருவத்தில், அதாவது பனி உருகும் மே, ஜூன் மாதங்களில், கூடாரத்துக்கும் நீர்விளிம்புக்கும் இடையே கிடைத் தொலைவைப் பார்க்காமல் உயரத்தைப் பார்க்க வேண்டும். தங்கப்போகும் நாள்களின் எண்ணிக்கையை ஒரு நாள் ஏற்றத்தோடு பெருக்கி, அந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு மேலே போய்விட வேண்டும். மூன்று இரவுகளுக்கு ஆறடி. கண்மட்டத்தில் தொடுவானத்தை நோக்கி நின்று ஏறக்குறைய அளந்தாலே போதும், கருவி வேண்டியதில்லை. படகு எதுவாக இருந்தாலும் இரவில் கயிற்றால் கட்டியாக வேண்டும். நீர்மட்டம் இறங்கும் இலையுதிர்காலத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். மாலையில் கரையோரம் மிதந்த படகு காலையில் மணலில் தரைதட்டி நிற்கும்.

மேட்டுக்கு மாறியதும் காற்று தன் முறைக்கு வந்தது. இந்தப் பகுதியில் வசந்தகாலக் காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னரே வலுக்கிறது. கூடாரத்தோடு வந்த கம்பி முளைகள் இறுகிய மண்ணுக்கு ஏற்றவை. மணலில் அவை வெண்ணெயில் குத்திய ஊசிபோல நழுவி வந்துவிடுகின்றன. நான்கு கால் நிழற்பந்தல் ஒன்று எங்கள் கண்முன்னே பக்கத்து முகாமிலிருந்து கிளம்பி, உருண்டு, கால் ஒடிந்து விழுந்தது. எங்களுக்குக் கைகொடுத்தவை அரிசிப் பைகள். இந்தியக் கடைகளில் சோனா மசூரி அரிசி வருமே, கைப்பிடி வைத்த அந்த இருபது பவுண்டுப் பைகளைப் பழைய துணி வைப்பதற்காக எடுத்துவந்திருந்தோம். அவற்றில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழக் குழியில் படுக்கவைத்துக் கயிற்றைக் கைப்பிடியில் முடிந்து, மேலே மணலை மூடி மிதித்தோம். எட்டுப் பைகள் இருந்ததால் கூடாரத்தின் எட்டுக் கயிறுகளும் இரண்டு இரவுகளுக்கு அசையாமல் நின்றன. காற்று அடிக்கும்போது எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க முடியாது என்பதால் மதிய உணவுக்குப் புளியோதரையையும் தயிர்சாதத்தையும் காலையிலேயே கலந்து வைத்துக்கொண்டோம். பெரிய பனிக்கட்டிப் பாளம் சிறு கட்டிகளைவிட இரண்டு மடங்கு நேரம் தாங்கியது.

இரண்டாம் நாள் திட்டம் கயாக் பயணம். இங்கே நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யூட்டா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறது; அரிசோனா தள்ளுவதில்லை; அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலமோ தள்ளி வைக்கிறது. லோன் ராக் யூட்டாவில், பேஜ் அரிசோனாவில், பக்கத்திலேயே நவஹோ நிலம். எந்தக் கோபுரத்தின் சமிக்ஞை கிடைக்கிறதோ அதற்கேற்பக் கைப்பேசியின் நேரம் முன்னும் பின்னும் தாவுகிறது. நாங்கள் கயாக் வாடகைக்கு ஏழு மணி என்று பேசியிருந்தோம்; கைப்பேசி காட்டிய யூட்டா நேரப்படி புறப்பட்டு, பேஜ் நேரப்படி ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். காத்திருந்தது வீணாகவில்லை, ஏனெனில் கடை திறந்ததும் முதல் ஆளாக வாங்கிக்கொண்டு இறங்க முடிந்தது. ஆனால் எதிர்த்திசையில் தவறினால் முன்பதிவே போய்விடும். கைப்பேசியில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிட்டு, பீனிக்ஸ் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. முன்பதிவு செய்யும்போது எந்த இடத்து நேரம் என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

ஆன்ட்டிலோப் பாயின்ட்டில் இறங்கி, ஏரியின் முதன்மைக் கால்வாயில், அதாவது மூழ்கிய ஆற்றுப் பாதையில், சுமார் ஒரு மைல் துடுப்புப் போட்டு, ஆன்ட்டிலோப் கேன்யனின் நீர்வாய்க்குள் நுழைந்தோம். படங்களில் பிரபலமான குறுகிய பாறை இடுக்குகள் நவஹோ நிலத்தில் உள்ளன. அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே நடக்கலாம். அதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி ஏரியில் முடிகிறது. அதற்குள் கயாக்கில் போகலாம். செந்நிற மணற்பாறைச் சுவர்களில் தலைக்கு மேல் நூறடிக்கும் அதிகமான உயரத்துக்கு வெள்ளைப் பட்டை ஒன்று ஓடியது. தண்ணீர் முன்பு நின்ற உயரம் அது. கரைந்திருந்த சுண்ணாம்பு உப்புகள் பாறையில் படிந்து வெளுத்துவிட்டன. அந்தப் பட்டைக்குக் கீழே போகும்போது, நிரம்பியிருந்தால் நாம் எவ்வளவு ஆழத்தில் இருந்திருப்போம் என்ற எண்ணம் தானாகவே எழுகிறது.

முதன்மைக் கால்வாய்தான் ஆபத்தான பகுதி. இரு பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பெரிய படகு கடந்துபோனால் அதன் அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி, எதிர்ச்சுவரிலிருந்து திரும்பும் அலையோடு குறுக்கே கலந்து, கொதிக்கும் உலைபோலத் தளதளக்கிறது. படகு போய் ஐந்து நிமிடம் ஆனாலும் அடங்குவதில்லை. சாய்வான கரை இருந்தால் அலை ஏறித் தணியும்; இங்கே தணிய இடம் இல்லை. அலை வரும்போது கயாக்கின் மூக்கை அதை நோக்கித் திருப்பி, துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும்; பயந்து துடுப்பைத் தூக்கினால்தான் கவிழும். காலை ஏழரைக்குப் போனபோது கண்ணாடிபோல இருந்த கால்வாய், பதினொன்றரைக்குத் திரும்பும்போது காற்றாலும் படகுகளாலும் கலங்கியிருந்தது. போகும்போது முப்பது நிமிடம் ஆன தொலைவைத் திரும்பக் கடக்க ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. காற்று எத்திசையில் வீசப்போகிறது என்று பார்த்து, முதலில் எதிர்க்காற்றில் போய்த் திரும்பும்போது பின்காற்றைப் பெறுமாறு திட்டமிட்டால் களைத்த கைகளுக்கு உதவும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி இரண்டாம் பேச்சே கூடாது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் ஓடும் படகில் அதை அணிந்தே ஆக வேண்டும் என்பது விதி. நாங்கள் ஆறு பேரும் அணிந்திருந்தோம். வெளியே வெயில் கொளுத்தினாலும் மே மாதத்தில் தண்ணீர் பனி உருகிய நீராகவே இருக்கிறது. என் கணவர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். படகிலிருந்து குதித்தவுடன் மூச்சு அடைத்து, சில நொடிகள் கையைக் காலை அசைக்க முடியாமல் போனதாகச் சொன்னார். அந்தச் சில நொடிகளைக் கடக்கவைத்தது அவர் மேலிருந்த ஜாக்கெட்தான்.

மேகம் கூடும் பருவத்தில் இந்தக் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் நுழையவே கூடாது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் இதே ஆன்ட்டிலோப் கேன்யனின் இடுக்கில் பாய்ந்து பதினொரு பேரின் உயிரைப் பறித்தது. அவர்களின் தலைக்கு மேல் அப்போது பெரிதாக மழை பெய்யவில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் வறண்ட ஓடைகளின் வாயில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாம் நாள் பான்டூன் படகு ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தோம். தட்டையான மேடையும் நிழற்கூரையும் கொண்ட அந்தப் படகு வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது; ஓட்டுவதும் கடினமில்லை. ஆனால் நீர்மட்டம் மாறும் ஏரியில் வழி தெரிந்தவர் என்று யாருமே இல்லை. சென்ற ஆண்டு கரையாக இருந்த பாறை இந்த ஆண்டு ஓர் அடித் தண்ணீருக்குக் கீழே ஒளிந்திருக்கும். வாவீப் விரிகுடாவிலிருந்து முதன்மைக் கால்வாய்க்குச் சுமார் 12 மைலை மிச்சப்படுத்தும் காசில் ராக் என்னும் குறுக்குவழி இருக்கிறது. நீர்மட்டம் போதாததால் நாங்கள் போயிருந்த வாரத்தில் அதில் போக முடியவில்லை. சுற்றுவழியில் ஆன எரிபொருளைக் கணக்கில் சேர்க்காமல் புறப்படுபவர்கள் திரும்பிவரும் வழியில் தவிப்பார்கள். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எஞ்சிய ஒரு பங்கு கையிருப்பு என்பது படகுக்காரர்கள் சொல்லும் கணக்கு. கால்வாயில் மிதக்கும் எண்ணிட்ட மிதவைகள் அணையிலிருந்து எத்தனை மைல் என்பதைக் காட்டுகின்றன. கைப்பேசி வேலை செய்யாத அந்தப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல அவையே துணை. ஒவ்வொரு மிதவையையும் கடக்கும்போது எண்ணையும் நேரத்தையும் என் மகள் தாளில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நவஹோ கேன்யனுக்குள் திரும்பி, சிறு மணற்கரை ஒன்றில் ஒதுங்கும்போது என் பிழையால் ஒரு சேதம் நேர்ந்தது. படகின் முன்னால் நின்று ஆழம் பார்க்க வேண்டிய நான், பாறைச் சுவரின் அழகைப் படமெடுக்கத் திரும்பிவிட்டேன். அந்தச் சில நொடிகளில் அடியில் உரசும் ஒலி கேட்டது. இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிப் பார்த்தபோது சுழலியின் ஓர் இதழ் விளிம்பில் மடங்கியிருந்தது. அதற்கான செலவு எங்கள் முன்பணத்தில் கழிக்கப்பட்டது, அது நியாயமே. தண்ணீரின் நிறம் கரும்பச்சையிலிருந்து தேநீர் நிறத்துக்கு மாறும் இடத்தில் ஆழம் குறைகிறது என்று பிறகு கற்றுக்கொண்டேன். கரைக்கு முன் ஐம்பது அடியில் வேகத்தை முற்றிலும் குறைத்து, ஒருவர் முன்னால் நின்று துடுப்பால் ஆழம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஏறும் ஏரி கரையில் கிடந்த பழைய மரக்கட்டைகளையும் எழுப்பி மிதக்கவிட்டிருந்தது. பாதி மூழ்கிய கட்டை எதிர்வெயிலில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

படகைக் கரையில் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நங்கூரத்தைத் தண்ணீரில் எறிந்தால் பாறைத் தரையில் பிடிப்பதில்லை. மூக்கை மணலில் ஏற்றி, பின்புறத்தின் இரு மூலைகளிலிருந்தும் கயிற்றைச் சாய்வாக இழுத்து, கரையில் இடுப்பளவுக் குழி தோண்டி நங்கூரங்களைப் புதைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பக்கவாட்டுக் காற்று படகைச் சுழற்றிப் பாறையில் மோதாது. வெறுங்காலில் இறங்க வேண்டாம். குவாகா சிப்பிகள் என்னும் அயல் சிற்றினம் இந்த ஏரியில் பெருகிவிட்டது. நீர் விலகிய பாறையெங்கும் அவற்றின் ஓடுகள் உடைந்த கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நண்பரின் மகள் ஒரு முறை காலூன்றியதும் பாதத்தில் நான்கு கீறல்கள். பழைய காலணி ஒவ்வொருவருக்கும் கட்டாயம். மற்றொன்று, இயந்திரம் ஓடும்போது படகின் பின்படியில் யாரும் உட்காரவோ அதன் அருகில் நீந்தவோ கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கி நின்று சில நிமிடங்களில் மயக்கிவிடும். இந்த ஏரியின் படகுவீடுகளில் அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

அந்தக் கரையில் மதியம் படுத்துக்கிடந்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் இருந்தது. போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் 1869ஆம் ஆண்டில் மரப்படகுகளில் இந்த ஆற்றில் இறங்கி, சோலைகள் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்குக்குக் கிளென் கேன்யன் என்று பெயரிட்டார். அவர் வியந்த அந்தச் சோலைகளை மூழ்கடித்துத் தேங்கிய ஏரிக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இங்கே வாழ்ந்த தொல்குடிகளின் இடங்களும் எத்தனையோ நீருக்கடியில் போயின. நாங்கள் குளித்து மகிழ்ந்த தண்ணீர் அதே தண்ணீர்தான். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு வருபவர்கள் கரையில் ஒரு குப்பையையும் விடமாட்டார்கள் என்று நம்புகிறேன். கரையோரம் தங்குவோர் மனிதக் கழிவையும் தேக்கி எடுத்துச் செல்லும் வசதியை வைத்திருக்க வேண்டும் என்ற விதியை நான் தொல்லையாக நினைக்கவில்லை. ஏறும் தண்ணீர் நாம் புதைத்ததையெல்லாம் எடுத்துக் குழந்தைகள் குளிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை புறப்படும்முன் கயாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மடிப்புகளில் தங்கிய தண்ணீரையும் சேற்றையும் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. குவாகா சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஈரம் இருக்கும்வரை உயிரோடிருந்து அடுத்த ஏரிக்குப் பரவிவிடும். கழுவி, வடித்து, முற்றிலும் உலர்த்திய பின்னரே வேறு நீர்நிலையில் இறக்கலாம். இயந்திரப் படகு வைத்திருப்பவர்கள் வெளியேறும்போது பரிசோதனைக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கயாக் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஒரு மாதம் விரித்தே கிடந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடியும் போனோம். காற்று அடங்கிய பருவம். தண்ணீரும் குளிக்க இதமாக இருந்தது. பள்ளி விடுமுறை ஒத்துவந்தால் நான் வசந்தத்தைவிட இந்த மாதத்தையே பரிந்துரைப்பேன். 2023இல் நாங்கள் கூடாரமடித்த இடம் கரையில் இல்லை. லோன் ராக்கையும் கரைமேட்டிலிருந்த கழிவறைக் கட்டடத்தையும் அடையாளமாக வைத்து அந்த இடத்துக்கு மேலே கயாக்கை ஓட்டிப்போய் நிறுத்தினோம். மகன் ஓர் அரிசிப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மெல்ல இறக்கினான். கயிறு அவன் கையிலிருந்து முழம் முழமாக வழுக்கிக்கொண்டே போயிற்று. எட்டாவது முழத்திலும் பை தரையைத் தொடவில்லை.